20 நிமிட போஸ், எண்ணெய் வண்ணம்: முகம் ஏன் சேறாகிறது?

ஈரக்கேன்வாஸ்:
வணக்கம் எல்லாருக்கும். சனிக்கிழமை மத்தியானங்களில் இங்கே சிங்கப்பூரில் ஒரு சின்ன ஸ்டூடியோவில் மாடலை நேரில் பார்த்து வரையும் அமர்வுக்குப் போகிறேன். கரியிலும் பென்சிலிலும் ஓரளவு கை பழகிவிட்டது, இப்போது எண்ணெய் வண்ணத்துக்கு மாறியிருக்கிறேன். மாடல் 20 நிமிடம் உட்காருவார், 5 நிமிடம் ஓய்வு, மறுபடி அதே போஸ், இப்படி மொத்தம் 2 மணி நேரம். முதல் சுற்றில் படத்தில் ஒரு துடிப்பு இருக்கிறது. அதற்கப்புறம் எதைத் தொட்டாலும் பக்கத்து ஈர வண்ணத்தோடு கலந்து, கடைசியில் கன்னம், நெற்றி, கழுத்து எல்லாம் ஒரே சாம்பல் பழுப்பு. பக்கத்து ஈசலில் (கேன்வாஸைத் தாங்கும் சட்டம்) ஒரு சீன ஆண்டி, அதே மாடலை அகலமான சில தீற்றல்களில் முடித்துவிட்டு கோப்பி வாங்கப் போய்விடுகிறார். அவர் கை வேகமாக ஓடுகிற மாதிரியும் தெரியவில்லை, பாதி நேரம் சும்மா நின்று பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்.

இரண்டு கேள்வி. இந்தச் சேறு எங்கிருந்து வருகிறது? அப்புறம், நம்ம ஆட்கள் நிறத்தில் மாடல் வந்தால் எந்தெந்த வண்ணத்தைக் கலப்பது? யூடியூபில் நான் பார்த்த பாடமெல்லாம் வெளிர் தோலுக்குத்தான் இருக்கிறது.

பழைய தூரிகை:
சேற்றுக்குக் காரணம் வண்ணம் இல்லை, திருத்துவதுதான். ஈர வண்ணத்தின் மேல் பிரஷ்ஷை வைத்தால் அது ஒரே நேரத்தில் இரண்டு வேலை செய்கிறது: கொண்டுவந்ததை வைக்கிறது, கீழே இருப்பதை அள்ளுகிறது. முதல் இழுப்பில் கேன்வாஸில் விழுவது நீங்கள் பேலட்டில், அதாவது வண்ணம் கலக்கும் பலகையில், கலந்த நிறம். அதே பிரஷ்ஷை அதே இடத்தில் மூன்றாவது முறை இழுத்தால், அங்கே ஏற்கெனவே இருந்ததையே திரும்பப் பூசிக்கொண்டிருக்கிறீர்கள். தோசைக்கல்லில் மாவைத் தேய்த்து விட்டபிறகு, அது வேகும்போது மறுபடி கரண்டியை வைத்துச் சுற்றமாட்டோம் இல்லையா, இங்கேயும் அந்த ஒழுக்கம் வேண்டும். வை, கையை எடு.

தப்பாக விழுந்துவிட்டால் அதன் மேல் இன்னொன்று பூசாதீர்கள். பேலட் கத்தியால் அந்த இடத்தைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாக வையுங்கள். அமெரிக்க உருவப்பட ஓவியர் சார்ஜென்ட் வரைந்த முகங்களைப் பார்த்தால் ஒரே மூச்சில் போட்டது என்று தோன்றும், ஆனால் பிடிக்காத தலையை முழுக்கச் சுரண்டிவிட்டு முதலிலிருந்து தொடங்குகிற ஆள் அவர். திருத்தித் திருத்திச் சரிக்கட்டவில்லை, அதனால்தான் கடைசியாக நிற்கிற தலை அவ்வளவு புத்தம்புதிதாக இருக்கிறது.

முகம் முழுக்கக் கெட்டுவிட்டது, ஆனால் அடியில் இருக்கிற அமைப்பு சரி என்றால் இன்னொரு வழி இருக்கிறது. பழைய செய்தித்தாள் ஒரு பக்கத்தை ஈரக் கேன்வாஸ் மேல் விரித்து, உள்ளங்கையால் மெதுவாக அழுத்தி, உரித்து எடுங்கள். மிச்ச வண்ணமெல்லாம் தாளோடு வந்துவிடும், கீழே மங்கலாக ஒரு முகம் நிற்கும், அதன் மேல் சேறில்லாமல் வரையலாம். லண்டன் ஸ்லேட் பள்ளியில் பாடம் நடத்திய ஹென்றி டோங்க்ஸ் பெயரால் இதற்கு டோங்கிங் என்று பெயர். என் வீட்டில் இந்த வேலைக்கு நேற்றைய தமிழ் முரசுதான்.

கடைசியாக ஒன்று. போஸ் தொடங்கிய பிறகு கலர் கலக்காதீர்கள். வெளிச்சப் பக்கத்துக்கு 3 குவியல், நிழல் பக்கத்துக்கு 2, பின்னணிக்கு 1, எல்லாம் கட்டைவிரல் அளவாவது இருக்கட்டும். முக்கால்வாசிப் பேர் பட்டாணி அளவு பிதுக்கிவிட்டு அதையே 2 மணி நேரம் நீட்டுகிறார்கள், காசு மிச்சம் பிடிக்கிற இடம் இது இல்லை. வெளிச்சத்துக்கு ஒரு பிரஷ், நிழலுக்கு ஒரு பிரஷ், இரண்டும் எல்லை தாண்டக் கூடாது. பன்றிமயிர் பிரஷ், தட்டையாக, குறைந்தது ஒரு விரல் அகலம். ஒவ்வொரு தீற்றலுக்கும் துணியில் ஒரு துடை.

செம்பவாங் சித்தப்பா:
எல்லாம் சரி, ஆனால் எதற்கு இந்த அவசரம் என்று யாராவது சொல்லுங்கள். இப்போது ஃபோனைத் திறந்தால் முப்பது விநாடி வீடியோவில் ஒருத்தர் நாலு வீச்சு வீசுகிறார், முகம் வந்துவிடுகிறது, உடனே எல்லாருக்கும் அதே மாதிரி வீச வேண்டும். பிரிட்டிஷ் ஓவியர் லூசியன் ஃப்ராய்ட் 2002-ல் இன்னொரு ஓவியரான டேவிட் ஹாக்னியை வரைந்தபோது ஹாக்னி நூறு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்திருக்கிறார். அந்த முகத்தில் உணர்ச்சி இல்லை என்று யார் சொல்வீர்கள்?

இன்னும் பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது. தேசியக் கலைக்கூடத்தில் சிங்கப்பூர் ஓவியர் லியு காங் வரைந்த "ஆர்ட்டிஸ்ட் அண்ட் மாடல்" தொங்குகிறதே, அவர் சக ஓவியர் சென் வென் சி உட்கார்ந்து ஒரு பாலிப் பெண்ணை வரைகிற காட்சி. லியு காங், சென் வென் சி, சியோங் சூ பியெங், சென் சோங் சுவீ நால்வரும் பாலிக்குப் போனது 1952-ல். அந்தப் படம் 1954-ல். அதாவது அங்கே நேரில் பார்த்து ஸ்கெட்ச், இங்கே வந்து நிதானமாக யோசித்துக் கட்டிய படம். கோடுகளைப் பாருங்கள், பாத்திக் துணியில் மெழுகு விட்ட வெள்ளைக்கோடு ஓடுகிற மாதிரி ஒவ்வொரு உருவத்தையும் சுற்றி ஓடும். அதெல்லாம் 20 நிமிடத்தில் வராது. மாடலை ஸ்கெட்ச் பண்ணு, வீட்டுக்குப் போய் எண்ணெயில் வரை. நம்ம ஊரில் பெரிய ஆட்கள் அப்படித்தான் செய்திருக்கிறார்கள்.

பழைய தூரிகை:
சித்தப்பா, ஃப்ராய்டைக் கொண்டுவந்தால் நான் அவர் கூட்டாளி ஃபிராங்க் ஔவர்பாக்கைக் கொண்டுவருவேன். அவரிடம் ஒரே ஆள் வாரா வாரம் வருடக்கணக்கில் வந்து உட்காருவார். ஒவ்வொரு அமர்வு முடிந்ததும் வரைந்ததைச் சுரண்டி எடுத்துவிடுவார், அடுத்த வாரம் திரும்ப முதலிலிருந்து. கடைசியில் வெளியே போகிற படம் ஒரே அமர்வில் போட்டது. இது அவசரமா நிதானமா, நீங்களே சொல்லுங்கள். எனக்கு இரண்டும்தான். பார்ப்பதில் வருடங்கள், வைப்பதில் ஒரு மத்தியானம்.

ஈரக்கேன்வாஸ் சொன்ன அந்த ஆண்டியும் இதைத்தான் செய்கிறார். பாதி நேரம் சும்மா நிற்கிறார் என்று எழுதியிருக்கிறீர்களே, அவர் சும்மா நிற்கவில்லை. கண்ணைப் பாதி மூடி, அடுத்து வைக்கப்போகிற ஒரே ஒரு தீற்றலின் நிறம், அகலம், திசை மூன்றையும் முடிவு செய்துகொண்டிருக்கிறார். வேக ஓவியம் என்று நாம் சொல்வதில் கை வேகம் ரொம்பக் குறைவு. 2 மணி நேரத்தில் கேன்வாஸைத் தொடுகிற நேரத்தைக் கூட்டிப் பார்த்தால் கால் மணி தாண்டாது.

லியு காங் விஷயத்தில் ஒப்புக்கொள்கிறேன். அவருக்கு வேண்டியது கோடும் அமைப்பும், அதற்கு ஸ்கெட்ச் போதும். எங்களுக்கு வேண்டியது மாடலின் கன்னத்தில் அந்த நிமிடம் விழுந்த வெளிச்சம், அது ஸ்கெட்ச் புத்தகத்தில் வீட்டுக்கு வராது.

அசையாதவள்:
நான் எதிர்ப்பக்கத்து ஆள். சில ஸ்டூடியோக்களில் மாடலாக உட்காருகிறேன், ஆடையோடும் இல்லாமலும். (வீட்டில் முதலாவது மட்டும்தான் தெரியும், அதை இங்கே யாரும் விவாதிக்க வேண்டாம்.) நீங்கள் எல்லாரும் பிரஷ் பற்றிப் பேசுகிறீர்கள், மேடையிலிருந்து பார்த்தால் வேறொன்று தெரிகிறது.

உட்கார்ந்த முதல் இரண்டு மூன்று நிமிடத்தில் உடம்பு இறங்கும். நான் நிமிர்ந்துதான் உட்காருவேன், ஆனால் தோள் தானாகக் கீழே வரும், தாடை கொஞ்சம் உள்ளே போகும், எடை ஒரு பக்க இடுப்புக்கு மாறும். டைமர் அடித்த உடனே அவுட்லைனைப் பிடிக்கிறவர்கள் இல்லாத போஸை வரைகிறார்கள், அப்புறம் மீதி 17 நிமிடமும் அதை இழுத்து இழுத்துச் சரிசெய்கிறார்கள். அந்த முதல் நிமிடங்களில்தான் கலர் கலக்க வேண்டும். பழைய தூரிகை அண்ணன் போஸ் தொடங்கும் முன்னால் கலக்கச் சொல்கிறார், ஆனால் நான் உட்காராமல் என் தோலில் விளக்கு எப்படி விழும் என்று எதைப் பார்த்துக் கலப்பீர்கள்?

அதைவிடப் பெரிய விஷயம் ஓய்வுக்கு அப்புறம் நடப்பது. பாதத்துக்கும் நாற்காலிக் காலுக்கும் டேப் ஒட்டியிருப்பார்கள், கண் எங்கே பார்க்கிறது என்று சுவரில் ஒரு புள்ளி வைத்திருப்பேன், எல்லாம் செய்தும் தலை முன்பு இருந்த அதே கோணத்துக்குத் திரும்பாது. கொஞ்சமாவது மாறியிருக்கும். உடனே பாதிப் பேர் மூக்கை நகர்த்த ஆரம்பிப்பார்கள். மூக்கு நகர்ந்தால் கண் நகரணும், கண் நகர்ந்தால் காது. இரண்டாவது சுற்றிலிருந்து சேறாகிறது என்று ஈரக்கேன்வாஸ் எழுதியதைப் படித்ததும் எனக்கு இதுதான் ஞாபகம் வந்தது. நீங்கள் மாடலைத் துரத்துகிறீர்கள். முதல் சுற்றில் எந்தத் தலையைப் பிடித்தீர்களோ அதையே வைத்துக்கொள்ளுங்கள், அப்புறம் என்னிடமிருந்து நிறத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ரொம்ப மாறியிருந்தால் வாயைத் திறந்து சொல்லுங்கள், "கொஞ்சம் இடப்பக்கம்" என்றால் திரும்பப் போகிறேன், கோபித்துக்கொள்ளமாட்டேன்.

இன்னும் இரண்டு விஷயம், ஏர்கானை 25-க்குக் கீழே வைக்காதீர்கள், நடந்துகொண்டு வரைகிற உங்களுக்கு அது இதமாக இருக்கும், அசையாமல் இருக்கிறவளுக்குக் குளிரும். கேட்காமல் ஃபோனில் படம் எடுக்காதீர்கள். "வரைந்து முடிக்கத்தான்" என்பதெல்லாம் காரணம் ஆகாது.

பழைய தூரிகை:
நியாயமான பேச்சு. மாற்றிச் சொல்கிறேன்: குழாயைப் பிதுக்கி வைப்பது போஸுக்கு முன்னால், குவியல் கலப்பது அவர் உட்கார்ந்து உடம்பு இறங்குகிற அந்த நேரத்தில்.

தேக்கா பையன்:
வெளிச்சம் பற்றி ஒன்று கேட்கலாமா. நான் வரையக் கற்றுக்கொண்ட புத்தகங்களில் எல்லாம் வடக்கு ஜன்னல், வடக்கு ஜன்னல் என்றுதான் இருக்கிறது. எங்கள் வீட்டு ஹால் ஜன்னல் வடக்கே பார்த்ததுதான். தங்கச்சியை உட்காரவைத்து வரைந்தால் காலையில் ஒரு மாதிரி, மத்தியானம் வேறு மாதிரி, சில மாதம் வெயிலே நேராக உள்ளே வருகிறது. புத்தகம் தப்பா, எங்கள் புளோக் தப்பா?

வண்ணக்கிறுக்கி:
புத்தகம் ஐரோப்பாவுக்குச் சரி. அங்கே சூரியன் வருடம் முழுக்க தெற்குப் பக்கமாகச் சாய்ந்து போகிறது, அதனால் வடக்கு ஜன்னலில் ஆகாயத்தின் வெளிச்சம் மட்டும் வரும், மாறாமல், குளிர்ச்சியாக. நாம் இருப்பது நிலநடுக்கோட்டுக்கு ஒரு டிகிரி சொச்சம் மேலே. மார்ச் கடைசியிலிருந்து செப்டம்பர் நடுப்பகுதி வரை சூரியன் நமக்கு வடக்கே போகிறது, உங்கள் வடக்கு ஜன்னலுக்குள் வெயில் வருவது அதனால்தான். மீதி ஆறு மாதம் அது நல்ல ஜன்னல், அப்போது தெற்கு ஜன்னல்காரர்கள் மாட்டிக்கொள்வார்கள்.

வழி என்னவென்றால் வெயில் வருகிற மாதங்களில் ஜன்னலுக்கு வெள்ளை வாயில் துணித் திரை, இல்லாவிட்டால் திரையை முழுக்க மூடிவிட்டு ஒரே ஒரு விளக்கு. ஒன்று என்றால் ஒன்றுதான். நம்ம ஊர் சமூக மன்ற அறை, வகுப்பறை எல்லாம் கூரை முழுக்க டியூப் லைட், எல்லாப் பக்கத்திலிருந்தும் வெளிச்சம், முகத்தில் நிழலே இருக்காது. நிழல் இல்லாத முகத்தைச் சட்டென்று வரைவது யாராலும் முடியாத காரியம், ஏனென்றால் பிடிப்பதற்கு உருவமே இல்லை. கூரை விளக்கை அணைத்துவிட்டு, மாடலுக்கு ஒரு பக்கமாக, தலைக்குக் கொஞ்சம் மேலே ஒரு விளக்கு வையுங்கள். எல்இடி பல்ப் அட்டையில் சிஆர்ஐ (நிறத்தை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்கிற எண்) 90-க்கு மேல் போட்டிருக்கிறதா பாருங்கள், அது குறைந்தால் தோலில் இருக்கிற சிவப்பு செத்துப்போகும். உங்கள் பேலட்டுக்குத் தனியாக ஒரு சின்ன விளக்கு வேண்டும், அது மஞ்சளாக இருந்தால் நீங்கள் கலப்பதெல்லாம் பகலில் பார்க்கும்போது நீலம் அடிக்கும்.

ஈரக்கேன்வாஸ், உங்கள் இரண்டாவது கேள்வியை இவர்கள் யாரும் தொடவில்லை, நான் தொடுகிறேன். என் ஈசலுக்கு எதிரே உட்காருகிறவர்கள் பெரும்பாலும் நம்ம ஆட்கள்தான், அத்தை, பக்கத்து வீட்டு அண்ணன், மூத்தவர்கள்.

முதலில் பழுப்புக் குழாயையும் வெள்ளைக் குழாயையும் ஒன்றாகச் சேர்ப்பதை நிறுத்துங்கள். பழுப்பு எடு, வெளிச்சப் பக்கத்துக்கு வெள்ளை போட்டு ஏற்று, நிழலுக்குக் கறுப்பு போட்டு இறக்கு என்று பழகினால் கறுத்த தோல் சுண்ணாம்பு பூசிய சுவராகிவிடும். வெள்ளை, நிறத்தை ஏற்றுவதோடு நிற்காமல் சூட்டையும் இறக்கிவிடுகிறது, அதுவும் டைட்டேனியம் வெள்ளை ரொம்ப மூர்க்கம். நம்ம தோலில் வெளிச்சம் ஏறும் இடம் பெரும்பாலும் வெள்ளைப் பக்கம் போகாது, செம்மஞ்சள் பக்கம் போகும். அதனால் எல்லோ ஓக்கர் (மஞ்சள் காவி), கொஞ்சம் காட்மியம் சிவப்பு அல்லது ஆரஞ்சு வைத்து ஏற்றுங்கள். வெள்ளையைக் கடைசி மினுமினுப்புக்குச் சேர்த்து வையுங்கள்.

அடிப்படை எனக்கு பர்ன்ட் சியன்னா என்கிற செம்பழுப்பும் அல்ட்ராமரைன் என்கிற நீலமும். இந்த இரண்டை மட்டும் வைத்து சியன்னா தூக்கலாக ஒரு குவியல், நீலம் தூக்கலாக ஒரு குவியல் போட்டால் கிட்டத்தட்ட கறுப்பு வரை போகலாம், ஆனால் செத்த கறுப்பு ஆகாது. நிழலை மெல்லியதாக, அடியில் இருக்கிற துணி கொஞ்சம் தெரிகிற அளவுக்கு வையுங்கள், வெள்ளை ஒரு துளிகூட அதற்குள் போகக் கூடாது. ஆழமான இடத்துக்கு, மூக்குத்துளை, உதடுகள் சேருகிற கோடு, காதுக்குப் பின்னால், அலிசரின் என்கிற ஆழ்ந்த சிவப்பைக் கலந்தால் உள்ளே ரத்தம் ஓடுவது தெரியும்.

இப்போது ருசியான இடம். கறுத்த நெற்றியில் விழுகிற மினுமினுப்பைப் பாருங்கள், அது தோலின் நிறமே இல்லை, விளக்கின் நிறம். ஜன்னல் பக்கம் உட்கார்ந்தால் ஆகாய நீலம், வெள்ளை எல்இடி என்றால் லேசான ஊதா சாம்பல். சுற்றியுள்ள தோல் ஆழமாக இருப்பதால் வெளிர் தோலைவிட இங்கே அது கூர்மையாக, ஓரம் தெளிவாகத் தெரியும். அத்தையை வரையும்போது அவர் நெற்றிப்பொட்டுக்குக் கொஞ்சம் மேலே ஒரு நீலச் சாம்பல் தீற்றல், மூக்குத்தண்டில் ஒன்று, கீழுதட்டில் சின்னதாக ஒன்று, இந்த மூன்றோடு முகம் எழுந்து முன்னால் வந்துவிட்டது. நாலாவது வைத்திருந்தால் வியர்த்த முகம் ஆகியிருக்கும்.

பின்னணி வெள்ளைச் சுவராக இருந்தால் உங்கள் கண் ஏமாறும். வெள்ளைக்குப் பக்கத்தில் தோல் இன்னும் கறுப்பாகத் தெரியும், அது பயத்தைக் கிளப்பும், கை தானாகத் தோலை வெளுக்கப் பார்க்கும். கேன்வாஸை முந்தின நாளே அக்ரிலிக்கில் ஒரு நடுத்தரமான காவி நிறம் பூசிக் காயவைத்துவிடுங்கள், மாடலுக்குப் பின்னால் ஒரு பச்சையோ சாம்பலோ துணி தொங்கவிடுங்கள், பாதி வேலை முடிந்தது. கண்ணின் வெள்ளை, பல், இரண்டும் வெள்ளை இல்லை. நினைப்பதைவிட இருட்டாகப் போடுங்கள்.

கோப்பி ஓ கோசோங்:
பட்டுப்புடவையோடு வந்தால்? போன வாரம் மாடல் காஞ்சிபுரம் கட்டி வந்தார், நான் சரிகைப் பார்டரோடு மல்லுக்கட்டி முகத்துக்கு நேரமே இல்லாமல் போச்சு.

வண்ணக்கிறுக்கி:
மாங்காயும் மயிலும் எண்ணாதீர்கள். நிழலில் இருக்கிற சரிகை வெறும் பழுப்பு, அதை அகலமாக ஒரே இழுப்பு. மடிப்பு விளக்கைப் பார்த்துத் திரும்புகிற இடத்தில் மட்டும் ஓக்கரில் கொஞ்சம் வெள்ளை கலந்து, கத்தி முனையால் தடிப்பாக ஓர் அப்பு. பார்க்கிறவர் கண் மீதி மயிலை அதுவாக நெய்துகொள்ளும்.

பழைய தூரிகை:
நான் இதையெல்லாம் ஸ்வீடன் ஓவியர் சோர்ன் பெயரால் சொல்கிற சோர்ன் பேலட்டிலேயே செய்துவிடுவேன்: ஓக்கர், சிவப்பு, ஐவரி கறுப்பு, வெள்ளை, நாலே நாலு. கறுப்பும் வெள்ளையும் சேர்ந்தால், பக்கத்தில் சூடான நிறம் இருக்கும்போது, அது நீலமாகத் தெரியும். அக்கா சொன்ன அந்த நெற்றி நீலம் எனக்கு அப்படித்தான் வருகிறது. நாலு குழாய் என்றால் எடுக்க வேண்டிய முடிவும் குறைவு, 20 நிமிடத்தில் அது பெரிய லாபம்.

வண்ணக்கிறுக்கி:
மினுமினுப்புக்குச் சரி அண்ணே, ஆழ நிழலுக்கு ஒத்துவராது. கறுப்பும் சிவப்பும் கலந்த நிழல் அடுத்த வாரம் பார்க்கும்போது மட்டையாக, உயிரில்லாமல் கிடக்கிறது. ஆண்டர்ஸ் சோர்னே இந்த நாலோடு எப்போதும் நின்றவர் இல்லை, அவரிடம் நீலமும் இருந்தது. அவர் வரைந்த ஸ்வீடன் தோலுக்கு நாலு போதும், எங்கள் அத்தைக்கு அல்ட்ராமரைன் வேண்டும்.

பழைய தூரிகை:
ஐந்தாவது குழாய் வாங்கிப் பார்க்கிறேன். ஒத்துக்கொண்டதாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

கோப்பி ஓ கோசோங்:
மாடலுக்குப் பணம் கொடுத்து வாராவாரம் போக எனக்குக் கட்டுபடியாகாது. வீட்டில் ஃபோட்டோ பார்த்துப் பழகினால் அதே பழக்கம் வருமா?

அசையாதவள்:
மாடலுக்குக் கொடுக்கிற வெள்ளியைக் குறைக்காதீர்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்கிறேன், ஐந்தாறு பேர் சேர்ந்து பகிர்ந்துகொண்டால் ஒருவருக்குப் பெரிய தொகை வராது.

பழைய தூரிகை:
ஃபோட்டோவில் நிழல் எல்லாம் மூடிக் கறுத்திருக்கும், வெளிச்சம் வெளுத்திருக்கும், முடிவுகளில் பாதியை கேமராவே எடுத்து முடித்திருக்கும். அந்த முடிவெடுக்கிற பழக்கத்துக்காகத்தான் நேரில் வரைகிறோம். பணமில்லாமல் மாடல் வேண்டுமா, ராத்திரி வசந்தம் டிவியில் சீரியல் ஓடும்போது அம்மாவை வரையுங்கள். அரை மணி நேரம் அசையமாட்டார், விளம்பரத்தில்தான் ஓய்வு. டிவி வெளிச்சம் முகத்தில் மாறிக்கொண்டே இருக்கும், அதனால் பக்கத்தில் ஒரு மேசை விளக்கைப் போட்டுவிடுங்கள். கேன்வாஸ் போர்டு சின்னதாக, 25-க்கு 30 சென்டிமீட்டர், அதற்கு மேல் வேண்டாம். பெரிய பிரஷ், சின்ன போர்டு, அந்த அளவே உங்களை நுணுக்கத்துக்குள் போகவிடாது.

செம்பவாங் சித்தப்பா:
அம்மாவை வரைய எனக்கு ஆட்சேபணை இல்லை, வண்ணத்தை நீர்க்கச் செய்கிற டர்பன்டைனை ஹாலில் திறப்பதற்கு இருக்கிறது. வீவக அடுக்குமாடி வீட்டில், ஜன்னலைச் சாத்தி ஏர்கான் போட்டுக்கொண்டு, அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருக்க அதைத் திறக்கலாமா? பக்கத்து வீட்டு மக்சிக் (மலாய் அம்மா) ஏற்கெனவே ஒரு முறை கதவைத் தட்டியிருக்கிறார்.

வண்ணக்கிறுக்கி:
திறக்க வேண்டிய தேவையே இல்லை சித்தப்பா. இப்படிக் கனமாக ஒரே அமர்வில் போடும்போது வண்ணத்தை நீர்க்கச் செய்கிற வேலை ரொம்பக் கம்மி. முதல் அமைப்புக்கு மட்டும் மெல்லிய அம்பர் பழுப்பு வேண்டும், அதைக் குழாயிலிருந்து அப்படியே எடுத்து, துணியால் தேய்த்துப் பரப்பி, வெளிச்சம் வேண்டிய இடத்தைத் துடைத்து எடுத்தாலே போதும். பிரஷ் கழுவ சமையல் எண்ணெய், அப்புறம் பாத்திரம் கழுவும் சோப்பு. மணமில்லாத டர்ப்ஸ் என்று விற்பதிலும் ஆவி வரும், மூக்குக்குத் தெரியாது, அவ்வளவுதான். மிச்சத்தை சிங்க்கில் ஊற்றாதீர்கள்.

துடைத்த துணியில்தான் உண்மையான ஆபத்து. ஆளிவிதை எண்ணெய் ஆவியாகிக் காய்வதில்லை, காற்றிலிருக்கிற ஆக்சிஜனோடு சேர்ந்து காய்கிறது, அப்போது சூடு வெளிவருகிறது. எண்ணெய்த் துணிகளைச் சுருட்டி ஒரு பிளாஸ்டிக் பையில் திணித்தால் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் தானாகவே தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போடுங்கள், இல்லாவிட்டால் தண்ணீரில் நனைத்து மூடியுள்ள தகர டப்பாவில் போடுங்கள். கீழே குப்பை போடும் குழாயில் அப்படியே தள்ளிவிடாதீர்கள்.

ஈரக்கேன்வாஸ்:
இவ்வளவு எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை, எல்லாருக்கும் நன்றி. நேற்று அசையாதவள் அக்கா சொன்னபடி முதல் சில நிமிடம் கேன்வாஸையே தொடாமல் கலர் மட்டும் கலந்தேன், பக்கத்தில் எல்லாரும் வரைய ஆரம்பித்துவிட்டார்கள், கை பரபரத்தது. ஓய்வுக்குப் பிறகு தலை திரும்பியிருந்தது, துரத்தவில்லை. கன்னம் சுத்தமாக நிற்கிறது, தாடை இன்னும் தொல்லை. கத்தியால் சுரண்டினால் துணியின் இழை தெரிகிறதே, அதன் மேல் வைப்பது வழுக்குகிறது. அது பரவாயில்லையா?

அப்புறம், ஈரமாக இருக்கிற படத்தை எம்ஆர்டி ரயிலில் எப்படிக் கொண்டுவருகிறீர்கள்? என் கேன்வாஸ் ஒரு அங்கிளின் வெள்ளைச் சட்டைக்கு ரொம்பப் பக்கத்தில் போய்விட்டது.

பழைய தூரிகை:
இழை தெரிந்தால் நல்லதுதான், தாடை நிழலில் இருக்கும், அங்கே தடிப்பு வேண்டாம். வழுக்கினால் சுரண்டிய இடத்தைக் காய்ந்த துணியால் ஒரு முறை ஒற்றிவிட்டு, எண்ணெய் சேர்க்காத வண்ணத்தை வையுங்கள்.

எம்ஆர்டிக்கு பிட்சா பெட்டி. 30 சென்டிமீட்டர் போர்டு பெரிய பெட்டிக்குள் படுத்துக்கொள்ளும், அடியில் டேப் ஒட்டிவிட்டால் நகராது. யாராவது மோந்து பார்ப்பார்கள், அவ்வளவுதான்.

தேக்கா பையன்:
பிராஸ் பசா காம்ப்ளெக்ஸ் கடையில் தண்ணீரில் கரைகிற எண்ணெய் வண்ணம் பார்த்தேன். டர்பன்டைன் பிரச்சனையே இல்லையே, எல்லாரும் அதற்கு ஏன் மாறவில்லை?

வண்ணக்கிறுக்கி:
மாறலாம், வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் கட்டாயம் மாறுங்கள். எனக்கு ஒரே குறை, தண்ணீர் சேர்த்ததும் சில பிராண்டில் வண்ணம் பிசுபிசுத்து நிறம் வெளுக்கும், காய்ந்த பிறகு இருட்டாகும், 20 நிமிடத்தில் நிழலைக் கணிக்கும்போது அது தலைவலி. தண்ணீரைக் கழுவுவதற்கு மட்டும் வைத்துக்கொண்டு, வரையும்போது குழாயிலிருந்து அப்படியே எடுத்தால் பெரிய வித்தியாசம் தெரியாது. வெள்ளையை மட்டும் ஆர்ட்டிஸ்ட் தரத்தில் வாங்குங்கள், மாணவர் தரத்து வெள்ளையில் நிரப்பி அதிகம், தடிப்பாக அப்பினால் நிற்காது.